கோழிக்கூண்டைச் சுற்றிக் கொசு விரட்டும் செடிகள்: மலையில் புதிதாகக் கோழி வளர்ப்பவர்களுக்கு

கோத்தகிரிப் பக்கம் குடிவந்தபோது வீட்டிலிருந்த கொசுவலையைக் கோயம்புத்தூரிலேயே தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தவன் நான். குளிர் ஊரில் கொசு ஏது என்ற நினைப்பு. முதல் வருஷம் ஐப்பசி மழை கொஞ்சம் விட்ட பிறகு ஒரு நாள் காலையில் கூண்டைத் திறந்தேன். சேவலின் கொண்டையில் மிளகை ஒட்டவைத்ததுபோல மூன்று கருப்பு முடிச்சுகள். இரண்டே நாளில் கண் ஓரத்திலும் வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்குத் தேயிலை பறிக்க வரும் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மை போட்டிருக்கு தம்பி. கொசு வேலை" என்றார்.

"அதுக்குத்தானே அக்கா சுத்தியும் செடி வெச்சிருக்கேன்."

"செடி அது பாட்டுக்கு நிக்குது. கொசு அது பாட்டுக்கு வருது."

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதில் பாதியை அவர் அந்த ஒரே வரியில் சொல்லிவிட்டார். கொசுவுக்குப் பிடிக்காத எண்ணெய் இலைக்குள்தான் இருக்கிறது. இலையைக் கசக்கினால், வெட்டினால், உரசினால், சூடேற்றினால்தான் அது வெளியே வரும். தொடாமல் நிற்கும் செடி வேலி மாதிரி கொசுவைத் தடுக்காது. நாற்றுப்பண்ணையில் 'கொசு விரட்டிச் செடி' என்று பெயர் எழுதி ஒரு வாசனை ஜெரேனியத்தை எனக்கு விற்றார்கள். தொட்டி ஒன்றுக்கு ஒரு நாள் கூலி அளவுக்கு விலை. அந்த வகைச் செடியைச் சோதித்துப் பார்த்த ஆய்வாளர்கள், கொசுக்கள் அதன் இலைமேலேயே உட்கார்ந்து ஓய்வெடுப்பதைக் கண்டிருக்கிறார்கள் என்பது பிறகு படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்படியானால் செடி வேண்டாமா? வேண்டும். ஆனால் அதன் இடம் மூன்றாவது. முதலில் தண்ணீர், அப்புறம் வலை, பிறகுதான் செடி. நான் இதைத் தலைகீழாகச் செய்து பன்னிரண்டு கோழிகளில் இரண்டை இழந்தேன்.

கொசு கோழிக்கு என்ன செய்யும்

கோழி அம்மை ஒரு வைரஸ் நோய். நோய் வந்த கோழியைக் கடித்த கொசு, வாயில் ஒட்டிய வைரஸோடு அடுத்த கோழியைக் கடிக்கும். உதிர்ந்த பொருக்கு மூலமாகவும், ஒன்றையொன்று கொத்தும்போது ஏற்படும் காயம் வழியாகவும்கூடப் பரவும். கோழி சாயங்காலமே கட்டையில் ஏறிக் கண்ணை மூடிவிடும். இருட்டில் பக்கத்தில் என்ன நடந்தாலும் அசையாது. கொசுவுக்கு இதைவிட வசதி வேறில்லை. இறகு இல்லாத இடமெல்லாம் அதற்குத் தீனிதான்: கொண்டை, தாடி, கண் ஓரம், சில சமயம் கால்.

தோலில் மட்டும் வரும் அம்மை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் காய்ந்து உதிர்ந்துவிடும். கண் மூடிக்கொண்டால் கோழிக்குத் தீனி தெரியாது. அப்போது பிடித்து ஊட்டத்தான் வேண்டும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் படலம் கட்டும் வகை மோசமானது. மூச்சு அடைத்துவிடும். என்னுடைய இரண்டும் அப்படித்தான் போயின. 'அம்மை' என்ற பெயரைக் கேட்டுப் பயந்து பிள்ளைகளை உள்ளே பூட்டிவைக்க வேண்டாம். இது மனிதர்களுக்கு வரும் அம்மை அல்ல, நமக்குத் தொற்றாது.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆறு முதல் எட்டு வார வயதில், இறக்கையை விரித்தால் தெரியும் மெல்லிய சவ்வில் இரட்டை முள் ஊசியால் குத்துவார்கள். ஏழு முதல் பத்து நாள் கழித்து அந்த இடம் தடித்துப் பொருக்கு கட்டியிருந்தால் ஊசி பிடித்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகத்தில் எந்த நாளில் போடுகிறார்கள் என்று கேட்டுவையுங்கள். குப்பி ஒன்றைத் திறந்தால் நிறைய கோழிகளுக்கு வரும் என்பதால் அக்கம்பக்கத்துக்காரர்கள் சேர்ந்து போவது நல்லது. எத்தனை வாசனைச் செடி வைத்தாலும் இந்த ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் உங்கள் ஊரின் உயரம்

'நீலகிரி' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கூடலூர் ஆயிரம் மீட்டர் சொச்சம், கோத்தகிரியும் குன்னூரும் 1,800 மீட்டரை ஒட்டி, ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். கூடலூரில் மிளகும் காப்பியும் விளைகின்றன. ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். இரண்டு ஊருக்கும் ஒரே செடிப்பட்டியல் பொருந்தாது. மழையும் அப்படித்தான். கூடலூருக்கும் ஊட்டியின் மேற்குப் பக்கத்துக்கும் ஆனி, ஆடித் தென்மேற்குப் பருவம்தான் பெரிய மழை. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவம். எங்கள் பக்கம் கொசு அதிகமாவது சித்திரை, வைகாசிக் கோடைமழைக்குப் பிறகு ஒருமுறை, வடகிழக்கு மழையின் இடைவெளிகளில் இன்னொருமுறை. ஊட்டியில் குளிர் மாதங்களில் குறைவாக இருக்கும். இல்லவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

மலையில் கொசு இல்லை என்று நம்பி ஏமாந்த முதல் ஆள் நான் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். மலேரியாவை ஆராய்ந்துகொண்டிருந்த ரொனால்ட் ராஸ் 1897இல் விடுப்பில் ஊட்டிக்கு வந்தார். அங்கிருந்து மசினகுடிக்கு இறங்கும் சீகூர் மலைப்பாதைப் பக்கம் போனபோது அவருக்கே மலேரியா வந்துவிட்டது. அடுத்த வருஷம் கல்கத்தாவில் அந்தக் கிருமி கொசுவுக்குள் வளர்ந்து, கடியின் வழியே அடுத்த உடலுக்குப் போகும் முழுச் சுற்றையும் அவர் கண்டுபிடித்தது பறவைகளை வைத்துத்தான். பறவைகளுக்கும் தனி மலேரியா உண்டு என்பது கோழி வளர்ப்பவர்களுக்கு நினைவிருக்கட்டும்.

இன்னொரு வேடிக்கை. கோழியின் வாசனையே மலேரியா பரப்பும் ஒருவகைக் கொசுவைத் தள்ளிவைக்கிறது என்று எத்தியோப்பியாவில் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. நம் சாக்கடைக் கொசுவுக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. அதற்குப் பறவை ரத்தம் என்றால் இஷ்டம்.

தண்ணீரைத் தேடுங்கள்

செடி வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கூண்டைச் சுற்றி ஐம்பது அடி நடந்து பாருங்கள். கொசு ஓரளவு தூரம் பறக்கும்தான். ஆனால் உங்கள் கோழியைக் கடிப்பதில் பெரும்பாலானவை உங்கள் இடத்திலேயே பிறந்தவை.

எங்கள் வீட்டில் குற்றவாளி தார்ப்பாய். சாரலுக்காகக் கூண்டின் மேற்குப் பக்கத்தில் கட்டியிருந்தேன். கீழ் ஓரம் மடிந்து ஒரு முழ நீளத்துக்குத் தொட்டில் மாதிரித் தொங்கியிருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் முட்டை எடுக்கப் போவேன். ஒருநாள் மடிப்பை விரித்து டார்ச் அடித்தேன். தேநீர் நிறத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர், சில்வர் ஓக் இலை நான்கு. வெளிச்சம் பட்டதும் தண்ணீரே சிலிர்த்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கொசுப்புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. ஓர் அரை நிமிஷம் பொறுத்தேன். மூச்சு விட ஒவ்வொன்றாக மேலே வந்து வாலை நீட்டின. இருநூறாவது இருக்கும். அந்தத் தொட்டிலுக்கு நேர் எதிரே மூன்றடியில்தான் என்னுடைய விலையுயர்ந்த கொசு விரட்டிச் செடி நின்றுகொண்டிருந்தது.

தார்ப்பாய் மடிப்பு, தகரக் கூரையின் இலை அடைத்த தண்ணீர்த் தாரை, மழைநீர் பிடிக்கும் நீல டிரம், பழைய டயர், வெட்டிய மூங்கில் கட்டையின் குழி, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, தூக்கிப்போட்ட பெயிண்ட் டப்பா, சேப்பங்கிழங்கு மாதிரி அகல இலைச் செடிகளின் கணு என்று ஒன்று விடாமல் பாருங்கள். சமையலறைத் தண்ணீர் போகும் வாய்க்கால் தேங்குகிறதா என்று தனியாகக் கவனியுங்கள். பறவைகளைக் கடிக்கும் கொசுவுக்கு அழுக்குத் தண்ணீர்தான் பிடித்த இடம். செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் வலைத்துணியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். இந்த ஒரு வேலைக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது, ஆனால் பலன் பெரிது.

கீழே சமவெளியில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். குளிரில் இன்னும் கூடுதல் நாள் எடுக்கும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள், மறக்காமல் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டினாலே சங்கிலி அறுந்துவிடும். நான் ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறேன். கோழி குடிக்கும் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். மாற்றும்போது தட்டின் உள்பக்கத்தைக் கையால் தேயுங்கள், முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். டிரம்முக்கு வலை போட்டு ரப்பரால் இறுக்குங்கள். கொசுப்புழு தின்னும் மீனை மூடிய தொட்டிக்குள் விடுவதில் தவறில்லை. மலை ஓடையில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள், அங்கே இருக்கும் மீன்களையும் தவளைக்குஞ்சுகளையும் அவை விட்டுவைக்காது.

வலையும் காற்றும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோழிக்கம்பி வலைக்கு வெளிப்பக்கம் நைலான் கொசுவலையை அடியுங்கள். உள்பக்கம் அடித்தால் இரண்டே நாளில் கொத்திக் கிழித்துவிடும். குளிருக்குப் பயந்து நான்கு பக்கமும் தார்ப்பாயால் மூடாதீர்கள். காலையில் கதவைத் திறந்ததும் கோழியின் தலை உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் உள்ளே காற்று போதவில்லை. தரையில் மரத்தூளோ மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் நெல் உமியோ நான்கு விரல் கனத்துக்குப் போட்டு, ஈரமான இடத்தை உடனுக்குடன் அள்ளிவிடுங்கள். எச்சம் ஈரமாக இருந்தால் ஈயும் சேர்ந்துகொள்ளும்.

எந்தச் செடி

இப்போது செடிக்கு வருவோம். ஆறேழு வகை வைத்துப் பார்த்து, மலையில் நின்று பிடித்தவை எவை, கோழி விட்டுவைத்தவை எவை என்று எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

எலுமிச்சைப்புல்லும் சிட்ரோனெல்லாப் புல்லும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். டீயில் போடுவது எலுமிச்சைப்புல், எண்ணெய் எடுத்துக் கொசுவுக்குத் தடவுவது சிட்ரோனெல்லா. சிட்ரோனெல்லாவின் தண்டு அடியில் சிவப்போடியிருக்கும், கசக்கினால் வாசம் சோப்பு மாதிரி அடிக்கும். கூண்டுக்கு இரண்டில் எது கிடைத்தாலும் சரி. நான் வைத்திருப்பது எலுமிச்சைப்புல்தான், கசாயத்துக்கும் ஆகிறது. இலை ஓரம் கையைக் கிழிக்கும் என்பதால் கோழி அதிகம் கிட்டப் போகாது. வெட்டும்போது நீங்களும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கோத்தகிரி உயரம் வரை நன்றாக வரும். உறைபனி விழும் இடத்தில் மேல்பாகம் கருகும்.

வாசனை ஜெரேனியம் நம் மலைக்கே உரிய பயிர் மாதிரி ஆகிவிட்டது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் எண்ணெய்க்காக இதைப் பயிரிட்டிருக்கிறார்கள். ரோஜா வாசனை அடிக்கும் மெத்தென்ற இலை. கோழி ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு போய்விடும். விலை கொடுத்து வாங்காதீர்கள். யார் வீட்டு வேலியிலாவது நிற்கும், ஒரு கிளை கேட்டால் கொடுப்பார்கள். இதன் ஒரே எதிரி, வேரில் தேங்கும் தண்ணீர்.

ரோஸ்மேரி குளிரைத் தாங்கும், ஊட்டிக்காரர்களுக்கு நான் முதலில் சொல்லும் செடி இதுதான். ஊசி மாதிரி இலையைக் கோழி தொடாது. ஒருமுறை வேர்விட்டால் பல வருஷம் நிற்கும். கூடவே தைம் வைக்கலாம், ஆனால் அது தரையோடு படர்வதால் கோழி கிளறிப் போட்டுவிடும். கல் இடுக்கில் வையுங்கள். லாவண்டரை மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் மழையில் அழுகிப்போனது. அதன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதனால் அதைப் பற்றி நடுநிலையாகப் பேச முடியாது.

செண்டுமல்லி வைக்கலாம். கொசுவுக்கு அதன் வாசனை எவ்வளவு எட்டும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பூவின் இதழைத் தின்ற கோழியின் மஞ்சள் கரு நன்றாக நிறம் ஏறிவரும், அதற்காகவே ஒரு பாத்தி போடலாம். துளசி, புதினா இரண்டையும் கோழி மொட்டையடித்துவிடும். எட்டாத உயரத்தில் தொட்டியில் வைத்து, கிள்ளிப் போடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழேயிருந்து வருபவர்கள் எல்லோரும் கேட்பது வேம்பும் நொச்சியும். வேம்பு இந்தக் குளிருக்கு உருப்படாது. கூடலூர் மாதிரி கீழ் உயரத்தில் நொச்சி வரும், எங்கள் உயரத்தில் அது வளர்வதில் ஆர்வமே காட்டவில்லை. ஊருக்குப் போய் வரும்போது காய்ந்த நொச்சி இலையும் வேப்பிலையும் ஒரு சாக்கு கொண்டுவந்து வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நம் கற்பூர மரத்தைப் பற்றியும் கேட்பார்கள், தைலம் காய்ச்சும் அதே யூகலிப்டஸ் மரம்தான். உதிர்ந்த இலையைப் பயன்படுத்துங்கள், மரத்தைக் கூண்டருகே நடாதீர்கள். அடியில் வேறெதுவும் சரியாக வளரவிடாது, காற்றுக்குக் கிளையை முறித்துத் தகரத்தின்மேல் போடும்.

நடக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். உண்ணிச்செடியின் இலை கொசுவுக்கு ஆகாது என்று யாராவது சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அது காட்டையே விழுங்கிக்கொண்டிருக்கும் செடி, ஆடு மாடு தின்றால் ஈரல் கெடும். கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் அதை வெட்டி, குச்சியில் நிஜ அளவு யானைகள் செய்கிறார்கள். அந்த அளவுக்கு மலிந்து கிடக்கிறது, நாமும் ஒன்று நட்டு வைக்க வேண்டாம். மணி மாதிரித் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூ பூக்கும் ஊமத்தை வகை இங்கே பல வேலிகளில் உண்டு. அழகுதான், முழுச் செடியும் விஷம். அரளியும் அப்படியே. கோழி நடமாடும் இடத்தில் இவை வேண்டாம்.

எங்கே நடுவது

சுவரை ஒட்டி நடாதீர்கள். நான் முதலில் அப்படித்தான் நட்டேன், புல் அடர்ந்ததும் எலி குடியேறியது, எலியைத் தேடிப் பாம்பு வந்தது. எலுமிச்சைப்புல் இருந்தால் பாம்பு வராது என்று சொல்வதை நம்பாதீர்கள். என் வீட்டுச் சாரைப்பாம்புக்கு அது தெரியவில்லை. கூண்டுச் சுவருக்கும் செடிக்கும் நடுவில் மூன்றடி வெறும் தரை இருக்கட்டும். கீரியோ மரநாயோ பதுங்கி வந்தாலும் அந்த மூன்றடியில் தெரிந்துவிடும். செடியின் உயரமும் இடுப்பைத் தாண்டக் கூடாது. சிறுத்தையும் கரடியும் நடமாடும் ஊரில் இருக்கிறோம், வீட்டுப் பக்கத்தில் புதர் வளர்ப்பது நல்லதல்ல.

அடுத்தது காற்று. சரிவில் வீடு இருப்பவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள்: வெயில் இறங்கியதும் குளிர்காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மெல்ல இறங்கத் தொடங்கும். கொசு கடிக்கும் நேரமும் அதுதான். ஆகவே செடிகளில் பெரும்பகுதியைக் கூண்டின் மேட்டுப் பக்கத்தில் வையுங்கள். கசக்கிய இலையின் வாசம் கூண்டு வழியாக இறங்கிப் போகும். ஓர் ஊதுபத்தியைச் சாயங்காலம் ஏற்றி, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூன்று நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிறகு பாதை. தினமும் சாயங்காலம் கதவைச் சாத்தக் கூண்டுக்கு நடந்து போவீர்கள் இல்லையா, அந்த ஒற்றையடிப் பாதையின் இரண்டு ஓரமும் ஜெரேனியமும் ரோஸ்மேரியும் நடுங்கள். பேன்ட்டும் சேலையும் உரசிக்கொண்டு போகும் அளவுக்கு நெருக்கமாக. அக்கா சொன்ன 'அது பாட்டுக்கு நிக்கும்' செடியைத் தினம் ஒருமுறை தொட்டு எழுப்ப எனக்குத் தெரிந்த சுலபமான வழி இதுதான்.

மண்ணும் நடவும்

நீலகிரி மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது கொண்டாட்டம், ரோஸ்மேரிக்குத் திண்டாட்டம். குழிக்கு ஒரு கைப்பிடி, புளிப்பைக் குறைக்கும் டோலமைட் கல்தூளோ அடுப்புச் சாம்பலோ கலந்து இரண்டு வாரம் ஆறவிடுங்கள். கோழி எச்சம் கையில் இருக்கிறதே என்று பச்சையாக அள்ளிப் போட்டால் வேர் கருகிவிடும். இலைச்சருகோடு கலந்து குவித்து, மூன்று மாதம் மக்கவிட்டுப் பயன்படுத்துங்கள். வாசனைச் செடிகளுக்கு அதுவும் கொஞ்சமாகப் போதும். உரம் அதிகமானால் இலை பெருக்கும், வாசம் குறையும்.

கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு நடும் காலம் கோடைமழை பெய்து மண் நனைந்த வைகாசி, ஆனி. வடகிழக்கு மழை கொட்டுவதற்குள் வேர் பிடித்திருக்கும். தென்மேற்கு மழை அடித்து ஊற்றும் பக்கத்தில் இருப்பவர்கள் அது ஓய்ந்த பிறகு ஆவணி, புரட்டாசியில் நடலாம். சரிவில் நடும்போது ஒவ்வொரு வரிசைக்கும் மேல்பக்கம் ஒரு சிறு வாய்க்கால் கீறிவிடுங்கள். ஆனால் அதில் தண்ணீர் ஓட வேண்டும், நிற்கக் கூடாது. நின்றால் மறுபடி தண்ணீர் தேடும் அத்தியாயத்துக்குப் போக வேண்டியதுதான்.

எலுமிச்சைப்புல்லைத் தூரிலிருந்து பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டு, இரண்டடிக்கு ஒன்றாக நடுங்கள். ஜெரேனியத்தில் மூன்று நான்கு கணு உள்ள நுனிக் கிளையைச் சாய்வாக வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் வேர்விடும். ரோஸ்மேரியும் அப்படியே, ஆனால் அவசரப்படுத்தாதீர்கள். ஒன்றரை இரண்டு மாதம் அசையாமல் இருக்கும், செத்துவிட்டது என்று பிடுங்கிப் பார்த்து நான் கொன்ற கிளைகள் பல. பன்னிரண்டு கோழிகள் உள்ள ஆறுக்கு எட்டடிக் கூண்டுக்கு என்னிடம் பத்துத் தூர் புல், எட்டு ஜெரேனியம், ஆறு ரோஸ்மேரி இருக்கின்றன. போதுமானதாக இருக்கிறது.

புது மண்ணைக் கண்டால் கோழிக்குக் கால் நிற்காது. நட்ட அன்றைக்கே கிளறிவிடும். ஒவ்வொரு செடியின் அடியிலும் உள்ளங்கை அளவுக் கற்களை நெருக்கமாக அடுக்கி, மேலே பழைய கம்பிவலையை வளைத்துக் கூடை மாதிரிக் கவிழ்த்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்துக் கம்பியை எடுக்கலாம். கல் அப்படியே இருக்கட்டும்.

தினமும் செய்வது

புல் நட்டு நான்கு மாதத்தில் முதல் வெட்டு வெட்டலாம். அதற்குப் பிறகு தூர்தூராகச் சுழற்சி வைத்து, கொசு அதிகமான மாதங்களில் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி அறுத்து, முறுக்கிக் கசக்கி, கோழி ஏறும் கட்டைக்கு அடியில் கூளத்தின்மேல் பரப்பிவிடுவேன். மாலை ஐந்தரைக்குச் செய்தால் கொசு கிளம்பும் நேரத்துக்கு வாசம் சரியாக இருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் மங்கிவிடும், விடியும் வரை காக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மிச்ச இரவுக்குத்தான் வலை. முட்டையிடும் பெட்டியில் ரோஸ்மேரிக் கிளை இரண்டு, ஜெரேனியம் இலை ஒரு பிடி வைப்பேன். வாரம் ஒருமுறை பழையதை எடுத்துவிடுங்கள், ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

மூட்டம் போடுவது நம் பாட்டி காலத்து வழி, வேலையும் செய்யும். ஆனால் கோழியின் நுரையீரல் நம்முடையதைப் போல அல்ல. புகை அதைச் சீக்கிரம் வீழ்த்திவிடும். ஆகவே கோழி அடையும் முன்பே, காலிக் கூண்டுக்கு வெளியே, மேட்டுப் பக்கத்தில் பத்தடி தள்ளி ஓர் இரும்புச் சட்டியில் காய்ந்த நொச்சியோ வேப்பிலையோ கற்பூர இலையோ போட்டுக் கால் மணி நேரம் புகையவிட்டு அணைத்துவிடுங்கள். உமியும் மரத்தூளும் பக்கத்தில் இருப்பதை மறக்க வேண்டாம். வெயில் மாதங்களில் நான் மூட்டமே போடுவதில்லை. மாசி, பங்குனியில் காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் போதும், சரிவு முழுக்க எரிந்துவிடும். அதேபோல் யூகலிப்டஸ் தைலத்தையோ சிட்ரோனெல்லா எண்ணெயையோ தண்ணீரில் கலந்து கூண்டுக்குள் அடிக்காதீர்கள். பாட்டிலில் இருப்பது பல கிலோ இலையின் சாறு, மூடிய கூண்டில் கோழிக்கு மூச்சுத் திணறும்.

எல்லாம் செய்தும் கொண்டையில் முடிச்சு வந்துவிட்டால் அந்தக் கோழியைத் தனியே வைத்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பொருக்கின்மேல் பூசலாம். பொருக்கைப் பிய்க்காதீர்கள். உதிர்ந்த பொருக்கில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆகவே அந்தக் கூளத்தை அள்ளி எரித்துவிடுங்கள். வாய்க்குள் படலம் தெரிந்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பனிக்காலம் வந்தால் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை. கார்த்திகை முடிவதற்குள் எலுமிச்சைப்புல்லை ஒரு சாண் உயரத்துக்கு அறுத்து, தூரின்மேல் காய்ந்த சருகைக் குவித்துச் சாக்கைப் போட்டு மூடுங்கள். ஜெரேனியத்தில் நான்கு கிளைகளைத் தொட்டியில் ஊன்றி வராந்தாவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே நிற்பது போனாலும் இது இருக்கும். தை மாதத்தில் சாக்கை விலக்கிப் பார்த்தால் புல் வைக்கோல் நிறத்தில் செத்தது மாதிரிதான் தெரியும். பிடுங்கிவிடாதீர்கள். பங்குனியில் ஒரு மழை விழட்டும். தூரின் நடுவில் விரலை விட்டு விலக்கிப் பார்த்தால் ஈர்க்குச்சி கனத்தில் பச்சைக் குருத்து தட்டுப்படும்.